போர்டில் என்ன எழுதப் போகிறீர்கள்?

கேள்வி: சொந்த ஊர் தங்கச்சிமடம். தோஹாவில் 9 வருடம் லேடீஸ் ஸ்பாவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். ராமேசுவரம் வரும் பெண்களுக்கு மட்டும் எண்ணெய் மசாஜ், கால் மசாஜ் என்று சின்னதாக ஒரு நிலையம் தொடங்க ஆசை. வீட்டு மாடியிலேயே நடத்தலாமா, இல்லை ராமேசுவரத்தில் கடை பிடிக்க வேண்டுமா? மசாஜ் என்றாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள். லைசென்ஸ் போலீஸ் தர வேண்டும் என்கிறார் ஒருவர், நகராட்சி என்கிறார் இன்னொருவர். ரூமுக்குள் கேமரா வைக்கணுமாம். "எல்லாத்தையும் நானே முடிச்சுத் தர்றேன், 40 ஆயிரம் கொடுங்க" என்று ஒருவர் வருகிறார். அப்படியே, அம்மா சொல்லித்தந்த மூலிகை எண்ணெயைக் காய்ச்சி பாட்டிலில் போட்டு விற்கலாமா?

பதில்: முதலில் அந்த 40 ஆயிரத்தை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், தங்கச்சி. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின், லஞ்சம் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளிதான். வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்தால், 7 நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பிக்கலாம். இடையில் நிற்கும் ஆள் உங்களுக்கு ரசீது தரப் போவதில்லை. நான் நகராட்சியில் துப்புரவு ஆய்வாளராக (சானிட்டரி இன்ஸ்பெக்டர்) இருந்து ஓய்வு பெற்றவன். எங்களையும் சுருக்கமாக 'எஸ்.ஐ.' என்றுதான் கூப்பிடுவார்கள். "எஸ்.ஐ. கையெழுத்து வேணும்" என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். உங்களிடம் பேசிய இரண்டு பேரும் அந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தொழில் உரிமம் தருவது உள்ளாட்சி அமைப்பு. போலீஸ் எங்கே வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உரிமத்துக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். போர்டில் என்ன எழுதப் போகிறீர்கள்? சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் நீங்கள் எந்தச் சட்டத்துக்குள் போய் விழுகிறீர்கள் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

'எண்ணெய் மசாஜ் நிலையம், பெண்களுக்கு மட்டும்' என்று எழுதினால் அது அழகு, உடல்நலச் சேவை. அழகு நிலையம் போல உள்ளாட்சியின் தொழில் உரிமத்தோடு வேலை முடிகிறது. 'சித்த வர்ம சிகிச்சை', 'ஆயுர்வேத தெரபி' என்று எழுதினால் அது மருத்துவம். பதிவு பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, ராமநாதபுரத்தில் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் (ஜே.டி. ஆபீஸ் என்பார்களே, அதுதான்) பதிவு செய்ய வேண்டும். சித்தத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்கு 9 வகை உண்டு. நல்ல தமிழ்ச் சொல்லாயிற்றே என்று போர்டில் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் எங்கே என்ற கேள்வி மறுநாளே வரும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கடற்கரை நெடுகிலும் நான் பார்க்கும் போர்டுகளில் பாதியில் 'பக்கவாதம், மூட்டுவாதம் குணமாகும்' என்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்தின் பட்டியலில் பக்கவாதமும் உண்டு, வாதநோயும் உண்டு. அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். உங்கள் கை உண்மையிலேயே குணப்படுத்தினாலும் அப்படி எழுதக் கூடாது. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரச்சேலையோடு பிரகாரம் சுற்றி வந்தவர்களுக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். 'கால் வலிக்கு இதமான எண்ணெய் மசாஜ்' என்று போடுங்கள், போதும்.

வரியும் இதே கோட்டில்தான் பிரிகிறது. மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, மசாஜுக்கு இல்லை. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை நீங்கள் பதிவு செய்யவே தேவையில்லை. தாண்டினாலும் பயப்பட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைச் சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

இனி, வீடா கடையா என்ற கேள்வி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தங்கச்சிமடமும் பாம்பனும் மண்டபம் ஒன்றியத்து ஊராட்சிகள். மண்டபம் பேரூராட்சி, ராமேசுவரம் நகராட்சி. அடுத்தடுத்த ஊர்தான், ஆனால் ஆளுகிற சட்டம் வேறு.

ராமேசுவரத்தில் கடை பிடித்தால் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பெயரில் 98 இருந்தாலும் அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதுவரை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொழில் உரிமத்தைப் பழைய ஆட்கள் இன்னும் 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்பார்கள், அபாயகரமான, அருவருப்பான தொழில்கள் என்று அந்தக் காலத்து அர்த்தம். சொல்லைக் கேட்டு மனம் நோக வேண்டாம். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, ஆதார், உள்ளே அறைகள் எப்படி என்று காட்டும் வரைபடம் கையில் இருக்கட்டும்.

தங்கச்சிமடத்தில் வீட்டு மாடி என்றால் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். ஊராட்சிகளில் எல்லாக் கடைக்கும் உரிமம் என்று 2025இல் அரசு ஒரு விதி கொண்டுவந்து, வணிகர்கள் எதிர்த்ததும் நிறுத்தி வைத்தது. அதைச் சொல்லி "இப்ப ஒண்ணுமே வேண்டாம்" என்பார்கள். நம்பி உட்காராதீர்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதித் தரட்டும்.

மாடியில் வாடகை மிச்சம், உண்மைதான். ஆனால் கரண்ட் பில்லை மறந்துவிடுவார்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்தினால், மின்சாரச் சட்டம் 126ஆவது பிரிவில் இரு மடங்குக் கட்டணம் போட்டுவிடுவார்கள். வணிக இணைப்பாக மாற்றி, வீட்டு வரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் சின்ன இடமாகக் கடையே பிடியுங்கள். வந்த இடத்தில் கால் வலிக்கிற அம்மா தங்கச்சிமடம் வரை ஆட்டோ பிடித்து வர மாட்டார்.

ஒன்று கவனியுங்கள். தொழில் வரி ரசீது வேறு, தொழில் உரிமம் வேறு. அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி கட்டி அந்த ரசீதை ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள் நிறைய. சிறுதொழில் பதிவுக்குத் தரும் உத்யம் சான்றிதழும் அப்படித்தான், கடனுக்கு உதவும், கடையைத் திறக்க உதவாது.

வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம், தெரிந்தே இடம் கொடுத்த உரிமையாளரையும் தண்டிக்கும். அங்கே விபசாரம் நடந்தது சோதனையில் தெரியவந்ததாக உள்ளூரில் ஓடும் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டாலே, அவருக்குத் தெரிந்திருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. பிறகு அவர் பயப்படாமல் என்ன செய்வார்? அவரிடம் கோபப்படாதீர்கள். வாடகை ஒப்பந்தத்திலேயே 'பெண் ஊழியர்களால் பெண்களுக்கு மட்டும் எண்ணெய் மசாஜ்' என்று நோக்கத்தை எழுதி, உரிமம் கிடைத்ததும் ஒரு நகல் தருவதாகவும் சேருங்கள். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதைப் பதிவும் செய்யுங்கள். 'அழகு நிலையம்' என்று மறைத்து இடம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படிப் பிடித்த இடம் முதல் வதந்தியிலேயே கைவிட்டுப் போகும்.

இப்போது போலீஸ். உரிமம் தருவது அவர்கள் வேலையில்லை. நகராட்சி நன்னடத்தைச் சான்று கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஊழியர்களின் பின்புலத்தைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். வெளி மாநிலத்துப் பெண் யாராவது வேலைக்கு வந்தால் கட்டாயம் செய்யுங்கள். மேற்படி 1956 சட்டத்தில் சோதனைக்கு வருவதற்கும் முறை உண்டு. குறைந்தது 2 பெண் போலீஸார் வர வேண்டும், சாட்சிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வந்தால் வாக்குவாதம் வேண்டாம். உரிமம், ஊழியர் அடையாள அட்டை, வருகைப் பதிவேடு மூன்றையும் மேசையில் வையுங்கள்.

கேமரா விஷயத்தில் குழப்பத்துக்குக் காரணம் நீதிமன்றமேதான். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், மாநிலம் முழுக்க ஸ்பா, மசாஜ் நிலையங்களில் கேமரா வைக்க உத்தரவிட்டார். இரண்டே வாரத்தில், 2022 ஜனவரி 4 அன்று, மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு விரோதம் என்று சொன்னார். என் யோசனை இதுதான்: வாசலிலும் வரவேற்பு மேசையிலும் கேமரா, அறைக்குள் கூடவே கூடாது. உடை களைந்திருக்கும் பெண்ணைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77ஆவது பிரிவில் தனிக் குற்றம். "ரூமிலும் வை" என்று யார் சொன்னாலும், அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.

என்னைப் போன்ற ஒருவர் ஆய்வுக்கு வந்தால் எங்கே பார்ப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். சுவரில் மாட்டிய படத்தையோ வாசனை விளக்கையோ அல்ல. துண்டு, விரிப்பு ஒருவருக்கு ஒன்றா, எங்கே துவைக்கிறீர்கள், கை கழுவ ஓடும் தண்ணீர் உண்டா, எண்ணெய்க் கழிவு எங்கே போகிறது. கடைசிக் கேள்விதான் இந்தத் தீவில் முக்கியம். ராமேசுவரம் மணல் தரை, நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கிறது. எண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீரைப் பின்பக்கம் குழி தோண்டி விட்டால், பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் போய்ச் சேரும். புகார் எழுதப்போவது அந்த வீட்டம்மாதான். துண்டில் இருக்கும் எண்ணெயை முதலில் பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டுத் துவைக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாயில் எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு எண்ணெய்ப் பொறி வையுங்கள், நம்மூர் பிளம்பரே செய்துவிடுவார்.

வேலைக்கு வரும் பெண்கள் 2 பேரோ 3 பேரோ, உட்கார நாற்காலி போடுங்கள். 2021 முதல் கடைகளில் அது சட்டப்படி கட்டாயம். வாடிக்கையாளரோ வேறு யாரோ அவர்களிடம் முறைகேடாக நடந்தால் மாவட்ட உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம் என்பதையும் முதல் நாளே சொல்லி வையுங்கள். 10 பேருக்குக் கீழே உள்ள இடங்களுக்கு அந்தக் குழுதான்.

அம்மாவின் எண்ணெயை, கேட்பவர்கள் சம்மதத்தோடு, என்னென்ன சேர்த்தது என்று சொல்லித் தேய்த்துவிடுங்கள். பாட்டிலில் அடைத்து, 'மூலிகைத் தைலம்' என்று லேபிள் ஒட்டி, வலிக்கு என்று விற்க ஆரம்பித்தால் அது மருந்து உற்பத்தி ஆகிவிடும். அதற்கு 25-டி படிவ உரிமம் (சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்கத் தருவது) வேண்டும், வீட்டு அடுப்படிக்கு அது கிடைக்காது. விற்றே ஆக வேண்டும் என்றால் 25-டி எண் போட்ட கம்பெனித் தைலத்தை வாங்கி அடுக்குங்கள், விற்பதற்குத் தனி உரிமம் தேவையில்லை.