ஆந்தையும் வௌவாலும்: வாசகர் கேள்வி பதில்

'பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்' கார்ட்டூனில் ஔல்மேன் என்ற ஆந்தை மனிதன் வருகிறானே, வௌவால் மனிதன் பேட்மேன் கெட்டுப்போனால் அவன்தான். இதற்குப் போய் ஏன் இத்தனை பேச்சு?
— பீனிக்ஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகர், வயது 15

கெட்டுப்போன பேட்மேன் மட்டும்தான் என்றால் முகமூடியை மாற்றினால் வேலை முடிந்தது தம்பி. ஔல்மேனிடம் பேட்மேனின் அறிவு இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, பொறுமையும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: 'இதற்குமேல் போகமாட்டேன்' என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட கோடு. குரல்கூட ஒன்றேதான். இருவருக்கும் பேசியவர் டீட்ரிக் பேடர்.

முதல் பருவத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் பேட்மேன் ஆந்தை வேடம் போட்டு, நல்லவர்கள் கெட்டவர்களாகவும் கெட்டவர்கள் நல்லவர்களாகவும் இருக்கும் எதிர் உலகத்து வில்லன் கூட்டத்துக்குள் நுழைகிறான். இரண்டாவதில் ஆந்தை வௌவால் வேடம் போட்டு இந்த உலகத்தில் குற்றம் செய்கிறான். ஊர் நம்பிவிடுகிறது, கூடவே சண்டையிட்ட நண்பர்களும் நம்பிவிடுகிறார்கள். கடைசியில் பரம எதிரி ஜோக்கரோடு கைகோக்கும் நிலைமை பேட்மேனுக்கு. இத்தனை வருடம் சேர்த்த நல்ல பெயர் ஒரு துணிக்குள் அடங்கிவிடுமா என்ற கேள்வியைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிடுகிறார்கள்.

எதிர் உலகத்தில் நல்லவனாக வரும் ஜோக்கரின் பெயர் ரெட் ஹூட். அது சும்மா வைத்த பெயரில்லை. 1951-ல் வந்த காமிக்ஸில், ஜோக்கர் ஜோக்கர் ஆவதற்கு முன் போட்டிருந்த திருட்டு வேடத்தின் பெயர் அது. பழைய குற்றப் பெயரை நல்லவனுக்குச் சூட்டியிருக்கிறார்கள். வில்லன் கூட்டத்தில் மற்றவர்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்குள்ள நாயகன் ரெட் டொர்னாடோவுக்குப் பதில் அங்கே சில்வர் சைக்ளோன், புளூ பீட்டிலுக்குப் பதில் ஸ்கார்லெட் ஸ்காரப். பெயரையும் நிறத்தையும் புரட்டிப் போட்டதோடு சரி.

எதிர் உலகம் என்பதே 'ஸ்டார் ட்ரெக்' தொடர் கண்டுபிடித்ததுதானே?
— மெர்பேங்க்

இல்லை. ஸ்டார் ட்ரெக்கில் அது வந்தது 1967 அக்டோபரில். 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' காமிக்ஸின் 29-ஆம் இதழ் 1964 ஆகஸ்டிலேயே ஔல்மேனையும் அவன் கூட்டத்தையும் கொண்டுவந்துவிட்டது. எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ், வரைந்தவர் மைக் செகோவ்ஸ்கி. அவர்கள் வாழும் 'பூமி 3'-இல் கொலம்பஸ் அமெரிக்கன். கப்பலேறிப் போய் ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கிறான். சூப்பர்மேனைச் சாய்க்கும் கிரிப்டோனைட் கல், அவனுக்கு எதிராளாக அங்குள்ள அல்ட்ராமேனுக்குப் புதுப்புதுச் சக்தி தருகிறது. ஆட்களோடு உலகத்தின் விதியையும் புரட்டியதால்தான் அந்தக் கதை இன்றைக்கும் பழசாகவில்லை.

வேடிக்கையான கார்ட்டூனுக்கு நடுவே பேட்மேனின் பெற்றோர் கொலையை எதற்கு வைக்கிறார்கள்? என் ஏழு வயது மகளுக்குக் காட்டலாமா?
— சாட்ஸ்வர்த் வாசகி

நம் ஊர்க் கோயில்களில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள் அம்மா. கட்டியக்காரன் விடிய விடியச் சிரிக்க வைக்கிறான். துகிலுரிதல் தொடங்கியதும் அதே கூட்டம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறது. சிரித்து இளகிய மனதில்தான் அடி ஆழமாக இறங்கும். இந்தக் கார்ட்டூனைச் செய்தவர்களுக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கிறது.

நீங்கள் சொல்வது அதே தொடரில் 2010-ல் வந்த 'சில் ஆஃப் தி நைட்' பகுதி. எழுதியவர் பால் டீனி. பேட்மேன் காலத்தில் பின்னே போய், இறந்துபோன தன் பெற்றோரை ஒரு மாறுவேட விருந்தில் சந்திக்கிறான். அப்பாவுக்குக் குரல் ஆடம் வெஸ்ட், அம்மாவுக்கு ஜூலி நியூமார். 1966-ல் தொடங்கிய கேலிக்கூத்துத் தொடரில் பேட்மேனாகவும் கேட்வுமனாகவும் நடித்தவர்கள் இவர்களே. (அது முதலில் ஓடியபோது தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே கிடையாது, நமக்குத் தொலைக்காட்சி 1976 ஜனவரியில்தான் வந்தது.) விளையாட்டு பேட்மேனையே சோக பேட்மேனுக்குத் தகப்பனாக்கியது வெறும் விளம்பரத் தந்திரம் அல்ல. இவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று பேசாமலே சொல்லிவிட்டார்கள்.

கொலைகாரன் ஜோ சில்லின் முடிவைக் கவனியுங்கள். பேட்மேனுக்குப் பயந்து வில்லன்களிடம் ஓடி அடைக்கலம் கேட்கிறான். பேட்மேன் உருவானதே இவனால்தான் என்று தெரிந்ததும் அவர்கள் இவன்மேலேயே பாய்கிறார்கள். 1948 காமிக்ஸில் வந்த திருப்பம் அது.

ஏழு வயதுக்கு ஔல்மேன் பகுதிகள் போதும். 'சில் ஆஃப் தி நைட்' ஒன்பது, பத்து வயது வரை காத்திருக்கட்டும். முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், 22 நிமிடம்தான். உண்மையில் நான் எச்சரிக்க விரும்புவது வேறு இரண்டு பகுதிகளை: 'சீஜ் ஆஃப் ஸ்டாரோ' இரண்டாம் பாகம், 'தி லாஸ்ட் பேட்ரோல்'. அவற்றில் நாயகர்களே பிறருக்காக உயிரைக் கொடுக்கிறார்கள், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். கொலை வரும் என்று தெரிந்து பார்ப்பதைவிட அதுதான் பிள்ளைகளை அதிகம் அழ வைக்கும்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஏழு பிள்ளைகளை வைத்து 10 நிமிட எதிர் உலக நாடகம் போட வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும்.
— டொங்காட் ஆசிரியை

நாயகனைப் பற்றி ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: அவனுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறான், யாரை நம்புகிறான், எதில் கெட்டிக்காரன், சின்ன வயதில் அவனைத் திருப்பிய சம்பவம் எது. எதிராளுக்கு ஐந்தாவது வரியை மட்டும் மாற்றுங்கள். கீழே விழுந்தவனை அங்கே ஒருவர் தூக்கிவிட்டார், இங்கே எல்லாரும் சிரித்தார்கள் என்பதுபோல. மற்ற நான்கையும் தொடாதீர்கள். ஐந்தையும் மாற்றினால் அவன் எதிராளாக இருக்கமாட்டான், யாரோ ஒரு வில்லன் ஆகிவிடுவான். பேச்சு 500 சொல்லுக்குமேல் வேண்டாம். நடமாட்டமும் கைதட்டலும் மீதி நேரத்தைத் தின்றுவிடும்.

இருவர் நாயகனும் எதிராளும், மற்ற ஐவர் ஊரார். ஊரார் மேலங்கியைப் புரட்டிப் போட்டால் உலகம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நிறத்தில் 75 சென்டிமீட்டர், இன்னொரு நிறத்தில் 75 சென்டிமீட்டர் துணி போதும். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க மூன்று ஓரம் தைத்து, புரட்டி, நான்காவதை மூடுங்கள். கழுத்துக்குக் கயிறு வைக்காதீர்கள்: முடிச்சு இறுகும், இன்னொரு பிள்ளை இழுத்தால் ஆபத்து. ஐந்து சென்டிமீட்டர் வெல்க்ரோ தையுங்கள், இழுத்தால் விட்டுவிடும். புரட்டியதும், வெல்க்ரோ ஒட்டும் இடத்தில் மேலாக இருந்த முனை அடியில் போகும். அதைப் பழக்காவிட்டால் மேடையில் பிள்ளை திணறி நிற்கும். மாற்ற 20 விநாடி கொடுங்கள், அதுவரை மிருதங்கம் ஒலிக்கட்டும்.

கருநீலமும் கறுப்பும் எடுக்கவே கூடாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பின்வரிசைக்கு இரண்டும் ஒன்றுதான். மஞ்சளும் கரும்பச்சையும் நன்றாகத் தெரியும். நாயகனும் எதிராளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தலைக்கட்டின் உருவத்தில் வித்தியாசம் காட்டுங்கள். வாலியும் சுக்ரீவனும் கட்டிப்புரண்டபோது யார் யாரென்று தெரியாமல் இராமன் அம்பை விடாமல் நின்றான். கொடிப்பூ மாலையைச் சூட்டி அனுப்பிய பிறகுதான் காரியம் நடந்தது. உங்கள் பார்வையாளர்களும் அப்படித்தான் நிற்பார்கள்.

இருவரும் கண்ணாடி பார்ப்பதுபோல் அசையும் காட்சி வைத்தால், ஒவ்வொரு அசைவுக்கும் நான்கு எண்ணிக்கை கொடுங்கள். முன்னால் செய்பவர் வேகம் கூட்டினால் மற்றவர் பின்தங்குவார், சபை சிரித்துவிடும். வலது கைக்கு எதிரே இடது கை வரவேண்டும் என்பதைப் பிள்ளைகள் முதல் ஒத்திகையில் மறந்தே தீருவார்கள். மணிக்கட்டில் வண்ண நூல் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று: கெட்ட உலகத்தார் ஆங்கிலத்திலும் நல்லவர்கள் தமிழிலும் பேசுவதாக எழுத ஆசை வரும், பல நாடகங்களில் வருகிறது. எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பாட்டியோடு பேசுவதே ஆங்கிலத்தில்தான்.