கீழே விழுந்தாலும் ஓட வேண்டும்: கைக்கடிகாரம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: கட்டட வேலையில் கம்பி கட்டுகிறேன். ஆண்டுக்கு ஒரு கைக்கடிகாரமாவது அடிபட்டு நின்றுவிடுகிறது. 'ஜி-ஷாக்' மட்டும் உடையாது என்கிறார்கள். அதன் மேல் இருப்பது வெறும் ரப்பர் உறைதானே?
— ஓசூர் வாசகர்

பதில்: ரப்பர் உறை மட்டும் போதுமா என்று அதை உருவாக்கியவரே முதலில் சோதித்துப் பார்த்தார், போதவில்லை. காசியோ நிறுவனத்தின் பொறியாளரான கிகுவோ இபே, தந்தை தமக்குப் பரிசளித்த கைக்கடிகாரம் கழன்று தரையில் விழுந்து உடைந்ததைக் கண்டவர். 1981இல் அவர் நிறுவனத்திடம் கொடுத்த முன்மொழிவு ஒரே ஒரு வரி: கீழே விழுந்தாலும் உடையாத உறுதியான கடிகாரம். உங்கள் தொழிலுக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. சாலைப் பணியாளர்கள் ஒருவர் கையிலும் கடிகாரம் இல்லாததை இபே அப்போது கவனித்தார். அதிரும் கருவிகளைப் பிடிக்கும் கைகளில் அக்காலக் கடிகாரங்கள் நிலைக்காது என்பதால் அவர்கள் கட்டுவதையே விட்டிருந்தார்கள்.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 மடங்கு நீர் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற மூன்று பத்துகளே இலக்கு. ஜப்பானின் ஹமுராவில் இருந்த ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிக் கழிவறை ஜன்னலிலிருந்து ஒவ்வொரு மாதிரியையும் கீழே போட்டுப் பார்த்தார்கள். ரப்பரை மட்டும் நம்பியபோது, உள்ளே இருப்பது பிழைப்பதற்கு உறை ஒரு பந்தின் பருமனுக்குப் பெருக்க வேண்டியிருந்தது. பிறகு அதிர்ச்சியைப் படிப்படியாகக் குறைக்கும் ஐந்து அடுக்குகளை அமைத்தார்கள். அப்போதும் ஏதாவது ஓர் உறுப்பு உடைந்தது. அதை வலுப்படுத்தினால் அடுத்த முறை வேறொன்று உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகள் இப்படிப் போயின. இறுதியில், பூங்காவில் ஒரு சிறுமி ரப்பர் பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோதுதான் பந்தின் நடுவில் இருக்கும் பொருளுக்கு அடி படாது என்பது இபேக்குப் புலப்பட்டது. அதன்படி, கடிகாரத்தின் இயக்கப் பகுதியைக் கூட்டோடு இறுக்கிப் பிணைக்காமல், சில புள்ளிகளில் மட்டும் தாங்கி, சுற்றிலும் இடைவெளி விட்டு மிதப்பதுபோல் வைத்தார்கள். 1983 ஏப்ரலில் வெளிவந்த டிடபிள்யூ-5000சி என்ற சதுர மாதிரியின் உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வெளி வடிவத்தையும் ஊன்றிப் பாருங்கள். விளிம்புச் சட்டம் கண்ணாடியைவிடவும் பொத்தான்களைவிடவும் சற்று உயர்ந்து நிற்பதால், எப்படி விழுந்தாலும் முதலில் தரையைத் தொடுவது அதுவே. பட்டை கூட்டை விட்டுப் புறப்படும் இடத்தில் வளைந்திருப்பதும் பின்மூடி நேராகத் தரையில் மோதாமல் இருப்பதற்கே. அழகுக்காகச் சேர்த்தவை என்று பலரும் நினைக்கும் இவை ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கின்றன; எனக்கு இந்தக் கடிகாரத்தின் மீது இருக்கும் பிரியத்துக்கு அதுவே காரணம். முள் இல்லாமல் எண் காட்டும் 5600 வரிசையையே உங்களுக்குச் சொல்வேன். ஆனால் சுழலும் இயந்திரங்களின் அருகில் வேலை செய்யும்போது எந்தக் கடிகாரமானாலும் கழற்றி வைத்துவிடுங்கள். கடிகாரம் தாங்கும், கை தாங்காது.

கேள்வி: பின்மூடியில் '50 மீட்டர்' என்று பொறித்திருந்ததை நம்பிக் கடலுக்குக் கட்டிச் சென்றேன். இரண்டே மாதத்தில் கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொண்டது. ஏமாற்றப்பட்டேனா?
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: அந்த எண் நீங்கள் இறங்கக்கூடிய ஆழத்தைச் சொல்வதன்று. அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான, அதாவது 5 பார் அழுத்தத்தை, புதிய நிலையில் அந்த மாதிரி தாங்கியது என்பதே அதன் பொருள். கடலில் அலை அடிக்கிறது, கை வேகமாக வீசுகிறது, உப்பு படிகிறது, வெயிலில் சூடேறிய கூடு சட்டென்று குளிர்ந்த நீரில் அமிழ்கிறது. நீரைத் தடுப்பவை பின்மூடியின் அடியிலும் சாவிக் குமிழைச் சுற்றியும் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள் மட்டுமே. அவை வெப்பத்தாலும் உப்பாலும் சோப்பாலும் நாளடைவில் இறுகிச் சுருங்கிவிடுகின்றன. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், 50 மீட்டர் என்றால் மழையில் நனையலாம், கடலுக்கும் நீச்சலுக்கும் 100 மீட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று கொள்ளுங்கள். நாள்தோறும் கடலில் இருப்பவர் 200 மீட்டர் என்று குறிக்கப்பட்ட, சாவிக் குமிழைத் திருகி மூடும் வகையை வாங்குவது நல்லது. முக்குளிப்போர் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரத்தில், குறித்த அளவைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலான அழுத்தத்தில் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

இங்கே சோவியத் நாட்டின் சிஸ்டோபல் நகரில் 1967இல் உருவான வோஸ்டோக் ஆம்பிபியா என்ற முக்குளிப்போர் கடிகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் பின்மூடி தடித்த ரப்பர் வளையத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆழம் கூடக் கூட நீரே மூடியை வளையத்தின் மேல் அழுத்துவதால் அடைப்பு மேலும் இறுகுகிறது. எதிரியின் பலத்தையே காவலாக மாற்றிய அந்த யோசனைக்கு ஈடாக இத்துறையில் நான் வேறொன்றைக் கண்டதில்லை.

உங்கள் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பின்மூடியைத் திறந்து மூடும்போது வளையம் பிசகினாலோ, ஒரு முடி அதில் சிக்கினாலோ நீர் புகுவதற்கு அதுவே போதும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் வளையத்தையும் மாற்றச் சொல்லி, சிலிக்கோன் கிரீஸ் தடவித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: காசியோ எஃப்-91டபிள்யூ போன்ற விலை குறைந்த கடிகாரத்தை 'உறுதியானது' என்று சொல்லலாமா?
— திருச்சி மாணவி

பதில்: சொல்லலாம். 1989 முதல் ஏறக்குறைய மாறாத வடிவில் விற்கப்படும் அந்தக் கடிகாரத்தின் எடை 21 கிராம் மட்டுமே. எடை குறைந்த பொருள் விழும்போது படும் அடியும் குறைவு. உள்ளே சுழல்வதற்குச் சக்கரமும் இல்லை, வளைவதற்கு முள்ளும் இல்லை. ஒரு பேட்டரி ஏழு ஆண்டு உழைக்கிறது. நீர் மட்டும் அதற்கு ஆகாது. முகம் கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், நீச்சல் குளத்தைத் தாங்காது.

கேள்வி: தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் எனக்கு வந்திருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. அலுவலகத்துக்கு நாள்தோறும் கட்டலாமா, பெட்டியில் பாதுகாப்பதே சரியா?
— மதுரை வாசகர்

பதில்: கட்டுங்கள். ஓடாமல் கிடக்கும் கடிகாரத்தில்தான் எண்ணெய் ஓரிடத்தில் உறைந்து பிசினாகிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலையின் வழிவந்தது அது. டயலில் 'பாராஷாக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 1956இல் சிட்டிசன் அறிமுகப்படுத்திய அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் பெயர் அது. அக்கடிகாரங்களை ஹெலிகாப்டரிலிருந்து கீழே போட்டு மக்களுக்குக் காட்டினார்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் மிகவும் எளிதில் ஒடிவது, இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரத்தின் அச்சு முனைதான். மயிரிழை அளவே தடிமனுள்ள அந்த முனை மாணிக்கக் கல்லில் ஊன்றி நிற்கிறது. கல்லையே ஒரு சிறு வில்லின் மேல் அமர்த்திவிட்டால், அடி விழும்போது கல் சற்று விலகிக் கொடுத்து, மறுகணம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

இருந்தாலும் அது ஜி-ஷாக் அன்று. இரு சக்கர வாகனத்தில் நெடுந்தூரம் செல்லும் நாளில் கழற்றி வையுங்கள், நீர் படவே விடாதீர்கள், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டும். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது என்றாலும், அந்த இயக்கப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கத் தெரிந்த பெரியவர்கள் பழைய கடைத்தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். புதிய வண்ண டயல் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். தாத்தா பார்த்த முகம் அந்த மங்கிய டயல்தான்.

கேள்வி: கீறல் விழாத கண்ணாடி எது?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: சஃபையர், அதாவது செயற்கை நீலக்கல். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9. நம்மைச் சுற்றியுள்ள மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. அதனால்தான் சுவரில் உரசினால் மினரல் கண்ணாடியில் கோடு விழுகிறது, சஃபையரில் விழுவதில்லை. ஆனால் கடினமும் வலிமையும் ஒன்றல்ல. கூர்மையான அடி விழுந்தால் சஃபையர் நொறுங்கும். பழைய கடிகாரங்களில் உள்ள அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் எளிதில் கீறும், எளிதில் உடையாது, அதன் கீறலைப் பற்பசை வைத்துத் தேய்த்தே போக்கிவிடலாம்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் கட்டிய ஜி-ஷாக்கின் பட்டை பிஸ்கட் போலப் பொடிந்துவிட்டது. உறுதி என்று பெயர் வாங்கிய கடிகாரம் இவ்வளவுதானா?
— சென்னை வாசகி

பதில்: பொடிந்தது மேலுறை மட்டும்தான், அம்மா. அந்தப் பட்டை பாலியூரித்தேன் வகை ரெசினால் ஆனது. ஈரமும் வெப்பமும் வியர்வையும் சேரும்போது அதன் மூலக்கூறுப் பிணைப்புகள் நீரால் மெல்ல அறுபடுகின்றன. சென்னையைப் போன்ற கடற்கரை நகரத்தில் அது விரைவாகவே நடக்கிறது. மூடிய பெட்டியில் வைத்துப் பாதுகாத்தாலும் பொடியும் என்பதுதான் பலருக்கும் அதிர்ச்சி தருகிறது. மாலையில் கழற்றியதும் நல்ல நீரில் அலசித் துடைத்துக் காற்றுப் படும்படி வைத்தால் சில ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.

உள்ளே உள்ள கூட்டுக்கும் இயக்கப் பகுதிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பட்டையும் விளிம்புச் சட்டமும் தனி உதிரிப் பாகங்களாகவே கிடைக்கின்றன. பின்மூடியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் பிடித்திருக்கும் திருகுகள் மிகச் சிறியவை, வியர்வை உப்பில் இறுகியிருக்கும். சரியான முனையுள்ள திருப்புளி இல்லாமல் முயன்றால் தலை மழுங்கிவிடும் என்பதால், திறப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். என் கையில் இருக்கும் சதுரக் கடிகாரம் பத்தொன்பது ஆண்டுகளில் மூன்றாவது பட்டையோடு ஓடுகிறது; அதன் கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல் உண்டு, நேரத்தில் ஒரு குறையும் இல்லை.