நெர்ஃப் ஸ்ட்ரைஃபில் (நுரை டார்ட் சுடும் பேட்டரி பொம்மைத் துப்பாக்கி) மோட்டார், வயரிங் எல்லாம் மாற்றிய பிறகு மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் டார்ட் பக்கத்திலேயே விழுகிறது. என்ன காரணமாக இருக்கும்?

மோட்டார் "நன்றாகச் சுற்றுகிறது" என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்திருப்பீர்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். சுமை இல்லாமல் சுற்றும்போது எந்த மோட்டாரும் விர்ரென்றுதான் கத்தும். டார்ட் உள்ளே வந்து மாட்டும் அந்தக் கணத்தில் வேகம் குறையாமல் இருக்கிறதா என்பதுதான் விஷயம். என் கையில் வரும் ஸ்ட்ரைஃப்களில் பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இருப்பதில்லை. மோட்டாருக்கு வரும் மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது.

அதற்கு முன் ஒரு சின்ன சோதனை. புது டார்ட் நாலைந்து போட்டுச் சுட்டுப் பாருங்கள். நுரை நசுங்கி மெலிந்த பழைய டார்ட்டை ஃப்ளைவீல் (மோட்டார் சுற்றும், டார்ட்டை இருபுறமும் பிடித்து வெளியே தள்ளும் சக்கரம்) பிடிக்காது, வழுக்கிவிடும். புது டார்ட் தூரம் போனால் துப்பாக்கியைப் பிரிக்கவே வேண்டாம்.

அதிலும் விழுகிறதா? சரி, அடுத்து சுழலும் திசை. ஸ்ட்ரைஃபில் இரண்டு சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். துப்பாக்கி வாய் உங்களை விட்டு விலகி முன்னால் பார்க்கும்படி வைத்து மேலிருந்து பார்த்தால் இடது சக்கரம் இடஞ்சுழியாகவும் வலது சக்கரம் வலஞ்சுழியாகவும் போக வேண்டும். இரண்டு மோட்டாரும் ஒரே பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பதால், ஒன்றின் பாசிட்டிவும் மற்றதன் நெகட்டிவும் ஒரே வயரில் சேரும். புதிதாக வயரிங் செய்பவர்கள் இயல்பாகவே சிவப்பைச் சிவப்போடு சேர்த்துவிடுவார்கள். அப்போது இரண்டும் ஒரே திசையில் சுற்றும், டார்ட் முறுக்கிக்கொண்டு நடுவிலேயே சிக்கும், இல்லையென்றால் வெளியே வந்து தொப்பென்று விழும். இரண்டுமே தலைகீழாகச் சுற்றினால் டார்ட் முன்னால் போகவே போகாது, ட்ரிக்கர் தள்ளத் தள்ள மேகசின் பக்கமே திரும்பி வரும். வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்குத் திசை தெரியாது. சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டார் வயரில் ஒரே ஒரு ஏஏ செல்லைத் தொட்டு எடுங்கள். மெதுவாக நகரும்போது கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

திசை சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். எடுத்தவுடன் மோட்டாரை மாற்றி, அப்புறம் சக்கரத்தை மாற்றி, கடைசியில் பேட்டரிக்கு வருகிறவர்கள்தான் அதிகம். காசுதான் வீண்.

டிசி 20 வோல்ட்டில் வைத்து, முதலில் பேட்டரி முனையில் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 2எஸ் லிப்போ (இரண்டு செல் உள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி) சும்மா இருக்கும்போது 8.4 வோல்ட் காட்டும். கீழ் ட்ரிக்கரை அழுத்தி மோட்டார் ஓடும்போது அது கொஞ்சம் இறங்குவது சகஜம். 6, 6.5 என்று விழுந்தால் பேட்டரிக்கே வலு இல்லை. கம்பெனி மோட்டாருக்கு நாலு ஏஏ செல்லின் 6 வோல்ட் போதும். வாங்கி மாட்டும் 130 சைஸ் மோட்டார்கள் அப்படியல்ல, கிளம்பும் நொடியில் ஒவ்வொன்றும் 10 ஆம்பியருக்கு மேல் கேட்கும் ரகங்கள் உண்டு. ஏஏ அல்கலைன் செல்லோ, டார்ச் லைட்டுக்கு வாங்கிய, ஏஏ அளவே உள்ள சாதாரண 14500 லித்தியம் செல்லோ அதைத் தராது. தராது என்பதைவிட, அந்தச் சின்ன செல்லிடம் அவ்வளவு கேட்டால் சூடேறி ஆபத்து.

பேட்டரி வோல்டேஜ் அதிகம் இறங்காமல் நிற்கிறது என்றால், மோட்டார் ஓடும்போதே மோட்டார் முனையில் அளந்து பாருங்கள். பேட்டரியில் 7.8, மோட்டாரில் 6.5 என்றால் நடுவில் 1.3 வோல்ட் காணாமல் போகிறது. அது எங்கே என்று பிடிப்பது சுலபம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்விட்சின் இரண்டு கால்களில் வைத்து கீழ் ட்ரிக்கரை அழுத்துங்கள். 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் ஸ்விட்ச் நல்லது. அரை வோல்ட் காட்டினால் அதுதான் தின்கிறது, 15 அல்லது 20 ஆம்பியர் தாங்கும் மைக்ரோ ஸ்விட்ச் ஒன்றை வைத்துவிடுங்கள். இதே மாதிரி ஒவ்வொரு சால்டரிங் இணைப்பையும், ஒவ்வொரு வயர்த் துண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக, உருண்டையாகத் திரண்டு நிற்கும் சால்டரிங்கைக் கண்டால் சந்தேகப்படலாம். பழைய மெல்லிய வயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் தடிமனான 18 கேஜ் வயர் ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று: ஒரிஜினல் சர்க்யூட்டில் மோட்டாருக்கு வரும் கரண்ட் அதிகமானால் சூடேறித் தடுக்கும் ஒரு சின்ன தெர்மிஸ்டர் இருக்கும். வயரிங் முழுக்க மாற்றினேன் என்று நினைத்து அதை மட்டும் விட்டிருப்பார்கள். முதல் டார்ட் நன்றாகப் போய், கொஞ்ச நேரத்தில் எல்லாம் சோர்ந்து போனால் முதலில் அதைத் தேடுங்கள். அதை எடுத்துவிட்டால் மோட்டார் சிக்கும்போது காப்பாற்ற எதுவும் இல்லை. டார்ட் மாட்டிக்கொண்டால் ட்ரிக்கரை உடனே விடும் பழக்கம் வேண்டும்.

மின்சாரம் முழுதாக வந்தும் டார்ட் விழுகிறது என்றால்தான் சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் கூண்டைக் கழற்ற வேண்டும். சக்கரத்தை மோட்டார் தண்டில் அதிகமாக அழுத்தியிருந்தால் கூண்டில் உரசும். உரசிய இடத்தில் பளபளவென்று ஒரு வளையமும் பிளாஸ்டிக் தூளும் தெரியும். மோட்டார் திருகு நீளமாக இருந்தாலும் சக்கரத்தைத் தொடும். பழைய மோட்டாரிலிருந்து பிடுங்கி மாட்டிய சக்கரம் தண்டில் தளர்ந்து, மோட்டார் சுற்றச் சுற்ற அது மட்டும் வழுக்குவதும் உண்டு. மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருகிப் பாருங்கள், தண்டு கூடவே வர வேண்டும்.

வலு போதவில்லை என்று 3எஸ் பேட்டரிக்குத் தாவ வேண்டாம். 2எஸ்ஸுக்கான மோட்டார் அதில் சீக்கிரம் கருகும். லிப்போவை ஒரு செல்லுக்கு 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்க பேட்டரியிலிருந்து வரும் சின்ன வயர்) செருகும் அலாரம் ஒன்று மலிவாகவே கிடைக்கும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. சோதிக்கும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மாற்றிய துப்பாக்கியின் டார்ட் கண்ணில் பட்டால் விளையாட்டுச் சாமான் என்று பார்க்காது.

எல்லாம் முடிந்து மூடும்போது இரண்டு பாதியும் தானாகப் பொருந்த வேண்டும். திருகைப் போட்டு இறுக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு வயர் நசுங்குகிறது, திறந்து ஒதுக்கிவிட்டு மூடுங்கள்.