பழைய பெயரை நம்பி வாங்கிய புதுத் தொடர்: காசு திரும்புமா?

கேள்வி: கல்லூரி விடுதியில், சாதாரண மனிதர்களுக்கு அபூர்வ சக்தி வரும் ‘ஹீரோஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனை எட்டுப் பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அதில் வரும் மரபியல் பேராசிரியர் மொஹிந்தர் சுரேஷ் நம் சென்னைக்காரர் என்பதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. இப்போது டல்லாஸில் இருக்கிறேன். போன மாதம் பழைய ஞாபகத்தில், அதன் தொடர்ச்சியாக வந்த ‘ஹீரோஸ் ரீபார்ன்’ முழு சீசனையும் ஒரு டிஜிட்டல் கடையில் ‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்தி வாங்கிவிட்டேன். முன்னோட்டத்தில் பழைய முகங்கள் தெரிந்தன. பழைய தொடரின் நாயகி க்ளேர் வருவாள், வருவாள் என்று காத்திருந்தே 13 எபிசோடும் ஓடிவிட்டன. அவள் வரவே இல்லை. கதையும் தொங்கலில் நிற்கிறது. பெயரைக் காட்டி ஏமாற்றியதாகச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
— வாசகி, டல்லாஸ்

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் அதே க்ளேருக்காகத்தான் அந்தத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர் நன்றாக இல்லை, எதிர்பார்த்த நடிகர் வரவில்லை என்பதற்காக மட்டும் பணம் திரும்புவது கடினம். டிஜிட்டல் கடைகள் பெரும்பாலும், வாங்கிய சில நாட்களுக்குள், ஒரு எபிசோடுகூட ஓட்டிப் பார்க்காமல் இருந்தால்தான் பணத்தைத் தருகின்றன. நீங்கள் பதின்மூன்றையும் பார்த்துவிட்டீர்கள். படம் ஓடவில்லை, ஒலி வரவில்லை, ஒரு எபிசோடு திறக்கவே இல்லை என்றால் கதை வேறு. அது சரக்கில் உள்ள குறை, தயங்காமல் கேளுங்கள்.

‘முன்னோட்டத்தில் காட்டினார்களே’ என்பது நியாயமான கேள்வி. இதே கேள்வியோடு அமெரிக்காவில் இருவர் நீதிமன்றம் போனார்கள். ‘எஸ்டர்டே’ படத்தின் முன்னோட்டத்தில் நடிகை ஆனா டி அர்மாஸைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு 3.99 டாலர் கொடுத்து வாடகைக்கு எடுத்தார்கள். படத்தில் அவர் இல்லை. அவருடைய காட்சிகளை வெட்டிவிட்டிருந்தார்கள். முன்னோட்டமும் ஒரு விளம்பரம்தான், அது ஏமாற்றினால் வழக்குப் போடலாம் என்று கலிஃபோர்னியாவில் உள்ள மத்திய நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. அதைக் கேட்டு நுகர்வோர் தரப்பில் நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அடுத்த ஆண்டே வழக்கு தள்ளுபடியானது. நடிகை இல்லை என்று தெரிந்த பிறகும் வழக்குப் போட்டவர் அதே படத்தை இன்னொரு தளத்தில் மறுபடி வாடகைக்கு எடுத்தது அதற்கு ஒரு காரணம். குறை தெரிந்த பிறகு அதே சரக்கை மறுபடி வாங்கினால் ‘ஏமாந்தேன்’ என்ற வாதம் நிற்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருக்கிறது. ஔரங்காபாத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, 2016இல் வந்த ‘ஃபேன்’ இந்திப் படத்தின் விளம்பரத்தில் ஓயாமல் ஒலித்த பாட்டு படத்தில் இல்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போனதால்தான் குடும்பத்தோடு படத்துக்குப் போயிருந்தார். மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் கொடுக்கச் சொன்னது; தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது பார்வையாளரோடு போடும் ஒப்பந்தம் ஆகாது, அதில் வந்தது படத்தில் இல்லை என்பதால் சேவைக் குறைபாடும் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது இருக்கட்டும். அந்தத் தாய் கேட்டது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே காசு கைவிட்டுப் போகும் முன்புதான் நமக்குப் பலம். வாங்குவதற்கு முன் எதைப் பார்த்திருக்கலாம் என்று உங்கள் தொடரை வைத்தே சொல்கிறேன்.

கடையில் ஊறுகாய் பாட்டிலை எடுத்தால் பின்னால் திருப்பிப் பார்க்கிறோம் இல்லையா, எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று? புதுப்பித்து வரும் தொடருக்கும் அப்படி ஒரு பின்பக்கம் உண்டு. யார் யார் திரும்பி வருகிறார்கள், எத்தனை எபிசோடுகளில் வருகிறார்கள் என்ற பட்டியல்தான் அது. ‘ரீபார்ன்’ 2015 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசியில் தொடங்கியது. க்ளேராக நடித்த ஹேடன் பனட்டியர் திரும்பவில்லை. வில்லன் சைலராக மிரட்டிய ஸக்கரி க்விண்டோ இல்லை. பீட்டர் பெட்ரெல்லியாக வந்த மைலோ வென்டிமிலியாவும் இல்லை. ஹீரோ நாகமுரா என்ற பெயருள்ள ஜப்பானியராக மாஸி ஓகா வந்தார், ஆனால் சில எபிசோடுகளுக்கு மட்டும். நம் மொஹிந்தராக செந்தில் ராமமூர்த்தி வந்தார். அவரும் எட்டிப் பார்த்ததோடு சரி. கதையில் டெக்சாஸின் ஒடெஸாவில் நடந்த குண்டுவெடிப்பின் பழியைச் சென்னைப் பேராசிரியரின் தலையில் கட்டிவிட்டு, ஆளைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள். முழுக்க நின்றவர் க்ளேரின் அப்பா நோவா பென்னட்டாக நடித்த ஜாக் கோல்மன் ஒருவர்தான். இந்தப் பட்டியலை முன்பே பார்த்திருந்தால், பழைய பெயர் ஒட்டிய வேறு சரக்கு இது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சீசனின் 17ஆவது எபிசோடு நினைவிருக்கிறதா? ப்ரையன் ஃபுல்லர் எழுதியது. பென்னட் வீட்டுக் கூடத்தில் துப்பாக்கி முனையில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். அதுவரை நாம் சந்தேகத்தோடு பார்த்த அந்தக் கண்ணாடிக்காரர் உண்மையில் மகளுக்காக எதையும் இழக்கத் துணிந்த தகப்பன் என்பது அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு பாலத்தில் நின்று, மகளைக் காட்டிக்கொடுத்துவிடாதபடி தன் நினைவையே அழித்துவிடச் சொல்வார். அவர் எதை இழக்கிறார் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் தொண்டை அடைத்தது. ‘ரீபார்ன்’ தொடரிலும் அதே மனிதர், அதே உத்தி: தன் நினைவை அழிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தமுறை அது பார்ப்பவரிடமிருந்து விடையை மறைக்கும் திரை மட்டுமே. திரை விலகினால் க்ளேர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபோது இறந்துபோனாள் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள். 2010 பிப்ரவரி 8 அன்று பழைய தொடரின் கடைசிக் காட்சியில், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க ராட்டினத்தின் உச்சியிலிருந்து குதித்து எழுந்து நின்றவள் அவள். எந்தக் காயமும் ஆறிவிடும் உடம்புக்காரி. அவளுக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று ஐந்தரை ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில் அது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

இன்னொன்று, முடிந்த தொடரா, முறிந்த தொடரா என்று பாருங்கள். 2006இல் பழைய ‘ஹீரோஸ்’ தொடங்கிய இரவு அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். ‘ரீபார்ன்’ தொடங்கிய இரவு சுமார் 60 லட்சம் பேர். 2016 ஜனவரியில் முடிந்தபோது, இரட்டையரின் அப்பாவைப் பற்றிய முடிச்சை அவிழ்க்காமலே விட்டார்கள். இனி தொடராது என்று என்பிசி சொல்லிவிட்டது. நீங்கள் வாங்கியது அதற்கெல்லாம் எவ்வளவோ காலம் கழித்து. வாங்கும் பக்கத்தில் யாரும் இதை எழுதி வைக்க மாட்டார்கள், நாம்தான் தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

கடைசியாக அந்த ‘வாங்கு’ பட்டன். நீங்கள் வாங்கியது தொடரை அல்ல, பார்க்கும் உரிமத்தை மட்டும்தான். 2023 டிசம்பரில் சோனி நிறுவனம், ப்ளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் எல்லாம் வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பி, புது உரிம ஒப்பந்தம் போட்ட பிறகுதான் நிகழ்ச்சிகள் தப்பின. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக் கூடாது. உங்கள் டெக்சாஸுக்கு அது பொருந்தாது. ஆனால் எங்கே இருந்தாலும் அந்தப் பட்டனை ‘நீண்ட கால வாடகை’ என்றே படியுங்கள். அடுத்தமுறை முழு சீசனையும் எடுக்காமல் முதல் எபிசோடை மட்டும் தனியாக வாங்குங்கள். அதற்கும் முன்னால் ஊர் நூலகத்தில் டிவிடி இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: ‘ஹீரோஸ்’ பழைய சீசன்களின் டிவிடி பெட்டியை ஆன்லைனில் வாங்கினேன். வீட்டு பிளேயரில் போட்டால் பகுதி பொருந்தவில்லை என்று வருகிறது. விற்றவர் ‘டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்.
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். டிவிடிகளை நாடுவாரியாகப் பகுதி எண் போட்டுப் பூட்டி விற்கிறார்கள்: அமெரிக்க டிவிடி பகுதி 1, இந்தியா பகுதி 5. பெட்டியின் பின்னால் சின்ன உலக உருண்டைக்குள் அந்த எண் அச்சாகியிருக்கும், பாருங்கள். எனக்கும் இது நடந்தது. 2008இல் அக்கா நியூஜெர்சியிலிருந்து வந்தபோது ஆசையாக முதல் சீசன் பெட்டியைக் கொண்டுவந்தார். வீடே கூடி உட்கார்ந்து பிளேயரில் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. அக்கா முகம் வாடிப்போனது. பிறகு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். கம்ப்யூட்டர் டிரைவில் பகுதியை ஐந்து முறைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். அதனால் விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள். சில பிளேயர்களில் எல்லாப் பகுதிக்கும் திறக்கும் வசதி உண்டு. மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் கடையில் கேளுங்கள்.

விற்றவர் விஷயத்துக்கு வருகிறேன். விற்பனைப் பக்கத்தில் ‘பகுதி 1’ என்று போட்டிருந்தால் தவறு உங்களுடையது. ‘எல்லாப் பிளேயரிலும் ஓடும்’ என்றோ ‘பகுதி 5’ என்றோ போட்டிருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உங்கள் பக்கம். விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: சூப்பர் ஹீரோ தொடர் ஒன்று மறுபடி வருகிறது என்று மகன் ஆண்டுச் சந்தா கட்டச் சொன்னான். நான்கு எபிசோடில் அவனுக்கே சலித்துவிட்டது. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். எப்படி நிறுத்துவது?
— வாசகி, மதுரை

பதில்: இன்றைக்கே செயலியில் கணக்குப் பகுதிக்குப் போய்த் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள். கட்டிய காலம் முடியும்வரை பொதுவாகப் பார்க்கலாம். பிறகு வங்கிச் செயலியிலும், யுபிஐ என்றால் அதன் ஆட்டோபே பகுதியிலும் அந்த அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். நிறுத்தும் பட்டனையே கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைத்திருந்தால் அதுவும் புகாருக்கு உரியது. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் அதைச் ‘சந்தாப் பொறி’யாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஒரே தொடருக்காக ஆண்டுச் சந்தா வேண்டாம். 2018இல் நின்றுபோன ‘டேர்டெவில்’ 2025இல் ‘பார்ன் அகெய்ன்’ என்று திரும்பி வந்தது. மார்ச் 4 முதல் ஏப்ரல் 15 வரை 9 எபிசோடுகள். தொடங்கிய நாளே மாதச் சந்தா கட்டியவர் இரண்டு மாதத்துக்குக் கொடுத்தார். முடியும்வரை பொறுத்தவர் ஒரே மாதத்தில் பார்த்துவிட்டு நிறுத்தினார், நல்லது கெட்டதும் அதற்குள் தெரிந்துவிட்டது. மகனிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கேள்வி: ‘ஹீரோஸ்’ மறுபடியும் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். முன்கூட்டியே பதிவு செய்து வைக்கலாமா? அல்லது பழையதையே வாங்கட்டுமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: தொடரை உருவாக்கிய டிம் கிரிங் புதிதாக ஒன்றைக் கொண்டுவர முயல்வதாக 2024இல் செய்தி வந்தது உண்மைதான். எந்தத் தொடருக்கும் முன்பணம் வேண்டாம். முதலில் நடிகர் பட்டியல் வரட்டும், பிறகு எபிசோடுகள் முழுக்க வரட்டும்.

பழையதில் நான்கு சீசனையும் சேர்த்து வாங்க வேண்டாம். இரண்டாம் சீசன் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் 11 எபிசோடோடு நின்றது. மெதுவாகப் போய்விட்டது என்று டிம் கிரிங்கே 2007இல் ஒப்புக்கொண்டார். முதல் சீசன் 23 எபிசோடுகள். அதை மட்டும் டிஸ்க்காக, உங்கள் பிளேயருக்குப் பொருந்தும் பகுதி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டோக்கியோ அலுவலகத்தில் சுவர்க் கடிகாரத்தை முறைத்துப் பார்த்து, முகமெல்லாம் சுருங்க, நொடி முள்ளை ஒரே ஒரு நொடி பின்னுக்குத் தள்ளுவாரே ஹீரோ நாகமுரா, அதை உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.