26 வீட்டில் 4 வீடு பங்கு தராவிட்டால்

300 அடிச் சந்தில் கழிவுநீர்க் குழாய் போட நாலு வீடு பங்கு தரவில்லை, தோண்டத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. பாதியில் பணம் நின்றால் திறந்த பள்ளம்தான் மிஞ்சும். பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஓரங்கி குடியிருப்பில், ஓரங்கி முன்னோடித் திட்டத்தின் வழியே 1980களில் 20, 30 வீடுள்ள சந்துகள் தங்களுக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்து தாங்களே காசு திரட்டின; திட்டத்தினர் பணம் தராமல் வரைபடம், மதிப்பீடு, கருவிகள், வழிகாட்டுதல் தந்தார்கள். முடியாதவர்களுக்குத் தவணை போடுங்கள்.

அதற்குள் உங்கள் குழாய் போய்ச் சேரும் பெரிய சாக்கடையின் அடிமட்டத்தை ட்யூப் லெவலால் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாய்) பாருங்கள். 6 அங்குலக் குழாய்க்கு 100 அடிக்கு 1 அடி சரிவு, உங்களுக்கு மொத்தம் 3 அடி. கண்ணளவில் போட்டால் நடுவில் தேங்கும். கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் பதியுங்கள். வீட்டுக் கழிவுநீர் குழாயில் சேருமுன் வீட்டுக்கொரு சிறு தொட்டி கட்டாயம். மணலும் துணியும் அதிலேயே தங்கிவிடும், அந்தந்த வீட்டார் அள்ளிக்கொள்ளலாம்.