சட்டத்துக்கு வெளியே நின்ற வேலைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வேலை கொடுப்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்று 1964லேயே சட்டம் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கூலிப் பிரச்சினைதானே? எல்லா ஏழைகளுக்கும் பொதுவாகக் கூலியை உயர்த்தச் சொன்னால் போதாதா, நிறத்தை ஏன் இழுக்க வேண்டும்? இன்னொரு கேள்வியும் உண்டு. என் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு பெண்மணி வருகிறார். சம்பளத்தைக் கையில் பணமாகவே கொடுக்கிறோம். அவருக்கும் அதுதான் வசதியாம். இதில் தவறு உண்டா?

கே., நியூஜெர்சி

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை பற்றிய பகுதி, இன்றைக்கும் 15 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான் பொருந்தும். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் ஒருவர். அந்தச் சட்டம் உங்கள் வாசற்படி ஏறாது.

கூலிச் சட்டங்களின் கதை இதைவிடப் பழையது. அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில், 1935ல், முதியோர் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வந்தது. அதே ஆண்டு தொழிற்சங்க உரிமைச் சட்டமும், 1938ல் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் தரும் சட்டமும் வந்தன. அமெரிக்கத் தொழிலாளியை நிமிர வைத்த சட்டங்கள் இவை. மூன்றிலும் பண்ணை வேலையும் வீட்டு வேலையும் வெளியே விடப்பட்டன. எந்த வரியிலும் நிறம் என்ற சொல் இல்லை. ஆனால் அன்றைக்குக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்த வேலைகள் இவைதான். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வரவே முடியவில்லை.

ஏன் விட்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. கறுப்பினத்தவரின் உழைப்பு மலிவாகவே கிடைக்க வேண்டும் என்று நினைத்த தென்மாநிலங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பிடி காரணம் என்கிறார்கள் சிலர். வீடு வீடாகப் போய் ஓய்வூதியத்துக்கான வரியை வசூலிக்க முடியாது என்ற நிர்வாகக் கவலைதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். வெளியே நின்றவர்களில் வெள்ளையர்களும் ஏராளம் என்பது உண்மை, எண்ணிக்கையில் அவர்களே அதிகம். ஆனால் ஒரு சமூகத்தில் பாதிக்கு மேல் வெளியே நிற்பதும் இன்னொன்றில் கால் பங்கு நிற்பதும் ஒன்றல்ல. நோக்கம் எதுவாக இருந்தாலும் அடி யார் மேல் விழுந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அந்த அடி ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. 1930களில் அட்லாண்டாவில் சமையல் வேலை பார்த்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 1950ல் திருத்தம் வந்து அவரைச் சேர்த்துக்கொள்ளும்வரை அவர் உழைத்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் ஏறவே இல்லை. முதுமையில் அவரை யார் பார்ப்பது? மகள்தான். மகளும் வீட்டு வேலைக்காரியாக இருந்தால், வீடு வாங்கச் சேர்த்திருக்க வேண்டிய காசு அம்மாவின் மருந்துக்குப் போகும். பேத்தி படிக்கும் வயதில் கையில் என்ன இருக்கும்?

அதே அட்லாண்டாவில் டோரதி போல்டன் என்ற பெண்மணி இருந்தார், அவரும் வீட்டு வேலை செய்தவர். வேலைக்குப் போகும் பேருந்துகளிலேயே சக பெண்களிடம் பேசிப் பேசி 1968ல் ஒரு சங்கம் கட்டினார். உறுப்பினராக வேண்டுமென்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. கூலியையும் வாக்கையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

1974ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலைக்கும் வந்தது. அப்போதும் முதியவர்களுக்குத் துணையாக இருப்பவர்களை விட்டுவிட்டார்கள். நியூயார்க்கில் முதியவர்களைப் பராமரித்த ஈவ்லின் கோக், உங்கள் வீட்டுக்கு வருபவரைப் போலவே ஜமைக்காவில் பிறந்தவர். ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 2007ல் தோற்றார், 2009ல் இறந்தார். ஏஜென்சிகள் மூலம் வேலை செய்வோருக்கு அந்த உரிமையைத் தரும் விதி 2013ல் எழுதப்பட்டு 2015ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதையும் திரும்பப் பெற 2025ல் தொழிலாளர் துறை முன்மொழிந்தது.

ஆகவே கூலியை உயர்த்துங்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அந்த உயர்வு எந்த வேலைகளைத் தொடாமல் போகிறது, அவற்றைச் செய்பவர்கள் யார் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டால் நிறம் தானாக வந்து நிற்கும்.

சரி, உங்கள் வீட்டு விஷயம். நேரடியாக நீங்களே சம்பளம் கொடுக்கிறீர்கள், அது அரசு வைத்திருக்கும் ஆண்டு வரம்பைத் தாண்டுகிறது என்றால், அதை வரிக் கணக்கில் காட்டுவது சட்டப்படி உங்கள் கடமை. சோஷியல் செக்யூரிட்டிக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் சேர்த்து அவர் பங்கு சம்பளத்தில் 7.65 சதவீதம், உங்கள் பங்கும் அவ்வளவே. கையில் பணம் வசதி என்று அவர் சொல்வதில் ஆச்சரியமில்லை, இன்றைய வாடகைக்கு முழுப் பணமும் தேவைப்படும். ஆனால் ஓய்வூதியம் பெற 40 காலாண்டுகள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும், கிட்டத்தட்ட பத்து ஆண்டு உழைப்பு. உங்கள் வீட்டில் அவர் கழிக்கும் ஆண்டுகள் அதில் சேராமல் போகக் கூடாது. அவர் கைக்கு வரும் தொகை குறையாதபடி சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அப்புறம், உங்கள் மாநிலத்திலேயே 2024 தொடக்கத்தில் வீட்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. எழுத்து ஒப்பந்தம், இடைவேளை ஓய்வு எல்லாம் அதில் உண்டு. அதை எடுத்து, இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.