எபிசோடைத் தொலைத்த தொடர்கள்

கேள்வி: விளம்பர இடைவேளை, கால அளவு, வாரக் காத்திருப்பு ஆகிய தளைகளெல்லாம் ஓடிடி வந்தபின் அறுந்துவிட்டன. அப்படியிருந்தும் இன்றைய வெப் சீரிஸ் பலவும் நடுவில் இழுவையாகவும் முடிவில் அவசரமாகவும் இருப்பது ஏன்? எல்லா எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிடுவதுதான் காரணமா?

பதில்: நீங்கள் தளை என்று சொல்பவற்றில் பாதி, கதைக்குக் கைகொடுத்தவை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போக 42 முதல் 44 நிமிடங்கள்தான் எழுத்தாளருக்குக் கிடைத்தன. அதற்குள்ளும் பலமுறை விளம்பரம் குறுக்கிடும் என்பதால், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் முன்னால், பார்ப்பவர் சேனலை மாற்றிவிடாதபடி கதையில் ஏதாவது ஒன்று திரும்பியாக வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 22 எபிசோடு எழுதியவர்கள், ஒரு கதையைத் தொடங்கி, சிக்கலாக்கி, முடிக்கும் வேலையை 22 முறை செய்தார்கள். அவற்றில் பல சுமார் ரகம்தான். ஆனால் அந்தப் பயிற்சி சுமாரானதல்ல.

நீண்ட தொடர்கதையை ஓடிடிதான் கண்டுபிடித்தது என்பதும் சரியன்று. அமெரிக்கக் கட்டணச் சேனலான எச்பிஓ 1999இல் 'தி சோப்ரனோஸ்' தொடரையும், 2002இல் 'தி வயர்' தொடரையும் 13 எபிசோடு கொண்ட முதல் சீசன்களோடு தொடங்கியது. 'தி சோப்ரனோஸ்' முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன ஊரில், பல ஆண்டுகளுக்கு முன் தன் மாஃபியா கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவனை நாயகன் எதிர்பாராமல் காண்கிறான். மகளிடம் பாசமுள்ள தந்தையாக நடந்துகொண்டே, அவளுக்குத் தெரியாமல் அவனைக் கொன்றுவிட்டு ஊர் திரும்புகிறான். தொடரின் மற்ற எபிசோடுகளைப் பார்க்காதவருக்கும் அது முழுமையான கதை. பார்த்தவருக்கோ அந்த மனிதனைப் பற்றிய எண்ணத்தையே புரட்டிப்போடும் திருப்பம். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் சாதிப்பதுதான் இந்தக் கலையின் தனித்திறன்.

2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃப்ளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 எபிசோடுகளையும் மொத்தமாக வெளியிட்டது. அடுத்த எபிசோடு தானாகவே ஓடத் தொடங்கும் இடத்தில், இந்த எபிசோடை முடித்துவைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமற்போனது. விளைவாக, 'இது தொடரன்று, பத்து மணி நேரத் திரைப்படம்' என்று படைப்பாளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் போதுமான கதையைப் பத்து மணி நேரத்துக்கு நீட்டினோம் என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடைக்காது.

எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஒரு சிறு குழுவைச் சில வாரங்கள் உட்காரவைத்து, எல்லா எபிசோடுகளுக்கும் கதை வாங்கிக்கொண்டு, படப்பிடிப்புக்கு முன்பே கலைத்துவிடும் 'மினி ரூம்' முறை பரவியது. முன்பெல்லாம் ஒரு எபிசோடு படமாகிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது எழுதப்பட்டதால், எந்தப் பாத்திரம் எடுபடுகிறது, எந்தக் கிளைக்கதை தேறாது என்று பார்த்துத் திருத்த முடிந்தது. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு சேர்த்து, குழுவில் இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தது இதனால்தான்.

அதே 2023இல் அமெரிக்க ஓடிடி தளங்களில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர் எது தெரியுமா? 2011 முதல் 2019 வரை கேபிள் தொலைக்காட்சியில் வாராவாரம், விளம்பரங்களோடு ஓடி முடிந்த 'சூட்ஸ்'. பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின்படி 5,770 கோடி நிமிடங்கள். 134 எபிசோடு இருந்தால் நிமிடங்கள் குவியத்தானே செய்யும் என்று நீங்கள் மடக்கலாம். ஆனால் எபிசோடுக்கு எபிசோடு வழக்கு ஒன்றைக் கையில் எடுத்த தொடர் என்பதால்தான் அத்தனையையும் அலுக்காமல் பார்க்க முடிந்தது என்பது என் கட்சி.

வெளியீட்டு முறையைப் பற்றிக் கேட்டீர்கள். வாரம் ஒன்றாக வெளியிட்டால் பார்ப்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதற்கு நாள் கிடைக்கும். ஆனால் எழுதும்போதே எபிசோடாக எழுதப்படாத ஒன்று, ஏழு நாள் இடைவெளி விட்டதும் எபிசோடாகிவிடாது. 2025இல் வந்த 'தி பிட்' தொடரின் முதல் சீசன், முதல் இரண்டு எபிசோடுகள் சேர்ந்து வந்தபின், வாரம் ஒன்றாகத்தான் வெளியானது. மருத்துவமனை அவசரப் பிரிவின் ஒரே பணிநேரத்தை 15 எபிசோடுகளில் சொல்லும் அந்த சீசனில், ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்தைக் காட்டுகிறது. புதிய நோயாளிகள் வருகிறார்கள், சிலர் பிழைக்கிறார்கள், சிலர் இறக்கிறார்கள், மருத்துவர்களின் கதை மட்டும் அடுத்த மணிக்குத் தொடர்கிறது. அதை ஒரே நாளில் மொத்தமாகப் பார்த்தாலும், எந்த மணி நேரத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.